எச்.ஐ.வி. உள்ள தம்பிக்கு எதை நம்பி அனுப்புவது?

நீங்கள் கேட்டிருப்பது மேலோட்டமாகப் பார்த்தால் ஒரே வரிதான்: "எச்.ஐ.வி. பற்றி எந்தத் தகவலை நம்பலாம்?" அதற்கு முன்னும் பின்னும் எழுதியிருப்பதைப் படித்தால் கேள்வி வேறாகத் தெரிகிறது. நான்கு மாதத்துக்கு முன் தம்பிக்கு எச்.ஐ.வி. உறுதியாகி, மாத்திரை ஆரம்பித்திருக்கிறார். வீட்டில் உங்களுக்கு மட்டும்தான் தெரியும். இரவெல்லாம் தேடிப் படித்து, உருப்படியாகப் பட்டதையெல்லாம் அவருக்கு அனுப்புகிறீர்கள். ஒன்று "முழு ஆயுள் வாழலாம்" என்கிறது, இன்னொன்று "பத்து ஆண்டுதான்" என்கிறது. போன வாரம் நீங்கள் அனுப்பிய ஒரு கட்டுரையைப் படித்துவிட்டு இரண்டு நாள் அவர் போனையே எடுக்கவில்லை. பொய்யும் சொல்லாமல், பயத்தையும் கூட்டாமல் அவருக்கு எதைச் சொல்வது என்பதுதான் நீங்கள் உண்மையில் கேட்பது என்று எடுத்துக்கொள்கிறேன். இடையில் மூலிகை எடுக்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். கடைசி வரியில் போகிற போக்கில் இன்னொன்றும் எழுதியிருக்கிறீர்கள்: உங்கள் ஒன்றரை வயதுக் குழந்தையைத் தூக்கவே அவர் தயங்குகிறார் என்று. அதற்கு முடிவில் வருகிறேன்.

நான் இருபது ஆண்டுகளுக்கு மேலாக எச்.ஐ.வி. சிகிச்சையில் இருக்கும் மருத்துவர். பெரியவர்களைப் பார்ப்பவன். குழந்தைகளுக்கான சிகிச்சையில் எனக்கு அனுபவம் குறைவு, அதைத் தொடப் போவதில்லை. உங்கள் தம்பியின் ரிப்போர்ட்டுகளையும் நான் பார்க்கவில்லை. அதனால் இங்கே எழுதுவதை அவருக்கான மருந்துச் சீட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இத்தனை ஆண்டுகளில் என் எதிரே உட்கார்ந்து அழுதவர்களில் பெரும்பாலோரைக் கலங்கடித்தது அப்பட்டமான பொய் இல்லை. ஒரு காலத்தில் சரியாக இருந்து, இன்று சரியில்லாமல் போன உண்மை. நீங்கள் பார்த்த "பத்து ஆண்டு" கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். அதை யாரும் கற்பனையாக எழுதவில்லை. மருந்தே எடுக்காதவருக்குத் தொற்று ஏற்பட்டதிலிருந்து எய்ட்ஸ் நிலைக்குப் போகச் சராசரியாகப் பத்து ஆண்டு ஆகும் என்பது அந்தக் காலப் பாடப்புத்தகத்தில் இருந்தது, இன்றும் மருந்து எடுக்காதவருக்குப் பொருந்தும். 1996-இல் மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் கூட்டுச் சிகிச்சை வந்த பிறகு, மருந்து எடுப்பவருக்கு அந்தக் கணக்கே கிடையாது. உடல் நலிவதற்கு முன்பே ஆரம்பித்து, விடாமல் எடுப்பவர்களின் ஆயுள் மற்றவர்களின் ஆயுளை ஏறக்குறைய எட்டிவிடுகிறது. கட்டுரையாளர் "மருந்து எடுக்காவிட்டால்" என்ற இரண்டு சொல்லை விட்டுவிட்டார். அந்த இரண்டு சொல்லில்தான் உங்கள் தம்பியின் இரண்டு நாள் போனது.

"மாத்திரைதான் ஆளைக் கொல்கிறது" என்ற பேச்சுக்கும் இப்படி ஒரு பிறந்த தேதி உண்டு. 1987-இல் முதல் மருந்தான ஜிடோவுடின் வந்தபோது நாலு மணி நேரத்துக்கு ஒரு முறை, ஒரு நாளைக்கு 1,200 மில்லிகிராம் கொடுத்தார்கள். பலருக்கு ரத்தம் குறைந்தது, வாந்தி வந்தது. 1990-இல் அளவைப் பாதியாக்கினார்கள். இன்று பெரும்பாலான நாடுகளில் முதல் மருந்தாகக் கொடுப்பது அதுவே இல்லை. மருந்து போய்விட்டது, பேச்சு மட்டும் இன்னும் சுற்றுகிறது.

சிகிச்சையை எப்போது ஆரம்பிப்பது என்பதிலும் நாங்களே, மருத்துவர்களே, பல முறை பேச்சை மாற்றியிருக்கிறோம். எச்.ஐ.வி. அழிக்கும் நோய் எதிர்ப்புச் செல்களை எண்ணிச் சொல்வதுதான் சி.டி.4. "சி.டி.4 எண்ணிக்கை 200-க்குக் கீழே போனால் வாருங்கள்" என்று சொன்ன காலம் உண்டு. பிறகு 350, அதன் பிறகு 500. 35 நாடுகளில் 4,685 பேரைச் சேர்த்து நடந்த ஸ்டார்ட் ஆய்வின் முடிவு 2015-இல் வந்தது. சி.டி.4 எண்ணிக்கை 500-க்கு மேல் இருக்கும்போதே மருந்தை ஆரம்பித்தவர்களுக்கு, காத்திருந்தவர்களைவிடக் கடுமையான நோய்களும் சாவும் 57 சதவீதம் குறைவு. அதே ஆண்டு உலக சுகாதார நிறுவனம் எண்ணிக்கை எதுவாக இருந்தாலும் எல்லோருக்கும் சிகிச்சை என்று சொல்லிவிட்டது. "சி.டி.4 நன்றாக இருக்கிறது, இப்போது மருந்து வேண்டாம்" என்று எழுதிய கட்டுரைகள் அழியாமல் இன்னும் இணையத்தில் கிடக்கின்றன. 2010-இல் ஒரு நல்ல மருத்துவர் நல்ல மனதோடு எழுதியதாகக்கூட இருக்கும்.

நானே இதில் சறுக்கிய கதை ஒன்றைச் சொல்ல வேண்டும். டோலுடெக்ராவிர் என்ற மருந்தை உங்கள் தம்பியும் எடுத்துக்கொண்டிருக்க வாய்ப்பு அதிகம், இன்று உலகின் பெரும்பகுதியில் முதல் தேர்வு அதுதான். 2018 மே மாதம் போட்ஸ்வானாவிலிருந்து ஓர் எச்சரிக்கை வந்தது. கருத்தரிக்கும் நேரத்தில் இந்த மருந்தை எடுத்துக்கொண்டிருந்த 426 பெண்களின் குழந்தைகளில் நான்கு பேருக்கு மூளை, தண்டுவடக் குறைபாடு. நூற்றில் ஒன்றை நெருங்கும் அளவு. வேறு மருந்து எடுத்தவர்களிடம் ஆயிரத்தில் ஒன்று என்ற அளவில்தான் இருந்தது. பயந்தோம். பயந்ததில் தவறில்லை. குழந்தை பெறும் வயதில் இருந்த பெண்களைப் பழைய மருந்திலேயே வைத்திருந்தோம். ஆனால் அந்த ஆய்வு நிற்கவில்லை, பிரசவங்களை எண்ணிக்கொண்டே போனார்கள். 2019-இல் அது ஆயிரத்தில் மூன்றாகக் குறைந்தது. உலக சுகாதார நிறுவனம் அந்த ஆண்டே, பெண்கள் உட்பட எல்லோருக்கும் இதுவே முதல் மருந்து என்றது. எண்ணிக்கை இன்னும் கூடியபோது மற்ற மருந்துகளுக்கும் இதற்கும் இருந்த வித்தியாசமே மறைந்துபோனது. முதலில் வந்த நான்கு பேர் பெரும்பாலும் தற்செயல்.

நான் செய்த தவறு 2018-இல் எச்சரித்தது இல்லை. அப்போது ஒரு பெண்ணிடம் "இந்த மருந்து உனக்கு ஆகாதும்மா" என்று ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டேன். "இப்போதைக்கு, நான்கு பேரை மட்டும் வைத்து, ஒரு சந்தேகம் இருக்கிறது, மாறலாம்" என்று சொல்லவில்லை. இரண்டு ஆண்டு கழித்து அதே மருந்தை நானே எழுதிக் கொடுத்தபோது அவர் வாங்க மறுத்தார். "ஆகாதுன்னு நீங்கதானே சார் சொன்னீங்க?" அவரை ஒப்புக்கொள்ள வைக்க மூன்று முறை வரச் சொல்ல வேண்டியிருந்தது. ஒரு தகவல் எவ்வளவு உறுதியானது என்பதையும் அந்தத் தகவலோடு சேர்த்தே சொல்ல வேண்டும் என்பதை அவரிடம்தான் கற்றுக்கொண்டேன்.

அதனால் நீங்கள் ஒன்றை அனுப்பும் முன் முதலில் தேதியைப் பாருங்கள். தேதியே இல்லாத மருத்துவக் கட்டுரையை, எவ்வளவு நன்றாக எழுதியிருந்தாலும், அனுப்பாதீர்கள். அடுத்து, அது யாரைப் பற்றியது என்று பாருங்கள். ஆறு மாதத்துக்கு ஒரு முறை ஊசி போட்டால் போதும் என்ற செய்தி நிறையச் சுற்றியது. லெனகபாவிர் என்ற அந்த மருந்து உண்மை, செய்தியும் உண்மை. ஆனால் அந்தச் செய்தி எச்.ஐ.வி. இல்லாதவருக்குத் தொற்று வராமல் தடுப்பதைப் பற்றியது. தொற்று உள்ளவர்களில், பல மருந்துகள் பலிக்காமல் போனவர்களுக்கு மட்டும், அதுவும் வேறு மருந்துகளோடு சேர்த்துத்தான் அதற்கு அனுமதி கொடுத்தார்கள். மாத்திரையை விட்டுவிட்டு அந்த ஊசிக்காகக் காத்திருந்த ஒருவரை நான் பார்த்திருக்கிறேன். படித்தவர்தான். தலைப்பை மட்டும் படித்திருந்தார்.

"குணமாகிவிட்டது" என்ற செய்திகளும் இந்த ரகம். பெர்லினில் சிகிச்சை பெற்ற திமோதி ரே பிரவுன் எச்.ஐ.வி.யிலிருந்து குணமான முதல் மனிதர், அதில் சந்தேகமில்லை. அவருக்கு ரத்தப் புற்றுநோய் இருந்தது. அதற்காக, எச்.ஐ.வி. நுழைய முடியாத மரபணு மாற்றம் கொண்ட ஒருவரின் ஸ்டெம் செல்களை மாற்றிப் பொருத்தினார்கள். அவருக்குப் பின் இதே வழியில் குணமானவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவுதான். புற்றுநோய்க்காக உயிரைப் பணயம் வைத்துச் செய்யும் சிகிச்சை அது. ஒரு மாத்திரையில் நன்றாக இருப்பவருக்கு எந்த மருத்துவரும் செய்யமாட்டார். 2013-இல் மிசிசிப்பியில் ஒரு குழந்தை குணமானதாக உலகமெங்கும் செய்தி வந்தது. 2014-இல் வைரஸ் திரும்பி வந்தது. முதல் செய்தியைப் படித்தவர்களில் எத்தனை பேர் இரண்டாவதைப் படித்திருப்பார்கள்?

இனி, கண்ணை மூடிக்கொண்டு தம்பியிடம் சொல்லக்கூடிய சிலவற்றுக்கு வருகிறேன். மாத்திரையை ஒழுங்காக எடுத்தால் ரத்தத்தில் வைரஸின் அளவு, அதாவது வைரல் லோடு, சோதனையில் தெரியாத அளவுக்குக் குறைந்துவிடும். டோலுடெக்ராவிர் எடுப்பவர்களில் பெரும்பாலோருக்கு மூன்று மாதத்துக்குள்ளேயே. அப்படிக் குறைந்து, அப்படியே நீடிக்கும்வரை உடலுறவு மூலம் அவரிடமிருந்து யாருக்கும் எச்.ஐ.வி. பரவாது. "குறைவாகப் பரவும்" என்று நான் சொல்லவில்லை, பரவாது. 2016-லும் 2019-லும் வெளியான பார்ட்னர் ஆய்வுகளில், ஒருவருக்குத் தொற்று இருந்து மற்றவருக்கு இல்லாத தம்பதிகளையும் இணையர்களையும் ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்தார்கள். ஆணுறை இல்லாத உறவுகள் முதல் ஆய்வில் சுமார் 58,000, ஆண் இணையர்களிடம் நடந்த இரண்டாவதில் 76,000-க்கு மேல். இணையரிடமிருந்து வந்த தொற்று இரண்டிலும் பூஜ்யம். இரண்டாவது ஆய்வில் 15 பேருக்குப் புதிதாகத் தொற்று வந்தது உண்மை. யாராவது அந்த எண்ணை மட்டும் காட்டி உங்களைக் குழப்பலாம். வைரஸின் மரபணுவை ஒப்பிட்டுப் பார்த்ததில் 15-உம் வேறு ஆட்களிடமிருந்து வந்தவை. உலக சுகாதார நிறுவனமும் 2023-இல் இதைப் பூஜ்ய ஆபத்து என்றே எழுதியது.

இதன் எல்லையையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நானும் அரை உண்மைதான் சொன்னவனாவேன். வைரல் லோடு குறைந்து ஆறு மாதமாவது நிலைத்திருக்க வேண்டும் என்பது பொதுவான அறிவுரை. தம்பி நான்காவது மாதத்தில் இருக்கிறார், இன்னும் கொஞ்சம் பொறுக்கட்டும். மற்ற பால்வினை நோய்களை இது தடுக்காது. இந்தப் பூஜ்யம் உடலுறவுக்கு மட்டும்தான். ஊசியைப் பகிர்ந்துகொள்வதற்கு அதே உறுதியைத் தரும் ஆய்வு கிடையாது. தாய்ப்பாலில் ஆபத்து ஒரு சதவீதத்துக்கும் கீழே, ஆனால் பூஜ்யம் என்று சொல்ல முடியாது. அதனால்தான் தாய்ப்பால் விஷயத்தில் நாட்டுக்கு நாடு வழிகாட்டுதல் மாறுகிறது, காலத்துக்குக் காலமும் மாறியிருக்கிறது. ஒன்று பொய், மற்றது மெய் என்று அதற்குப் பொருளில்லை. சுத்தமான தண்ணீர் கிடைக்காத இடத்தில் புட்டிப்பாலே குழந்தைக்குப் பெரிய ஆபத்தாகலாம். ஒரே தரவை வைத்துக்கொண்டு இரண்டு இடங்களில் இரண்டு நியாயமான முடிவுக்கு வரலாம்.

இந்த இடத்தில் மொழியைப் பற்றிக் கொஞ்சம் விலகிப் பேச அனுமதியுங்கள். நீங்கள் படிப்பதில் பாதி மொழிபெயர்ப்பு. "கண்டறிய முடியாத அளவு" என்று வர வேண்டியது தமிழில் "வைரஸ் இல்லை" என்று வந்துவிடுகிறது. இல்லை என்று படித்தவர் மாத்திரையை நிறுத்துகிறார். வைரஸ் சில செல்களுக்குள் உறங்கிக் கிடக்கிறது. மருந்தை நிறுத்தினால் பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் மீண்டும் தலைகாட்டும். அதைவிட வில்லங்கமானது "எதிர்ப்பு" என்ற சொல். நோய் எதிர்ப்பு நல்லது, மருந்து எதிர்ப்பு கெட்டது. ஒருவர் ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு, "எதிர்ப்பு நல்லா இருக்குன்னு போட்டிருக்கு சார்" என்று மலர்ந்த முகத்தோடு வந்தார். வைரஸ் அந்த மருந்துக்கு அடங்காமல் போய்விட்டது என்பதுதான் அதில் இருந்தது. அன்றிலிருந்து நான் அந்தச் சொல்லையே விட்டுவிட்டு, "வைரஸ் இந்த மருந்துக்குப் பழகிவிட்டது" என்று சொல்கிறேன். எச்.ஐ.வி. என்பது வைரஸ், எய்ட்ஸ் என்பது அதைக் கவனிக்காமல் விட்டால் வரும் கடைசி நிலை. இரண்டையும் ஒன்றாக்கி, கூடவே "உயிர்க்கொல்லி" என்ற பழைய அடைமொழியையும் ஒட்டி எழுதும் கட்டுரையை நான் இரண்டாவது பத்திக்கு மேல் படிப்பதில்லை. சொல்லிலேயே முப்பது ஆண்டு பின்தங்கியவர் மருந்தில் மட்டும் முன்னே இருப்பாரா என்ன?

அடுத்து உங்கள் தம்பியைப் பயமுறுத்தக் காத்திருப்பது ரிப்போர்ட்டில் வரும் எண்கள். சி.டி.4 எண்ணிக்கை ஒரு சளிக்காய்ச்சலுக்கே இறங்கும், காலையும் மாலையும் மாறும். போன முறை 480, இந்த முறை 410 என்றால் நாங்கள் புருவம்கூட உயர்த்தமாட்டோம். முப்பது சதவீதத்துக்குள் ஏறி இறங்குவது வழக்கமான ஆட்டம். வைரல் லோடு குறைந்திருந்தால் சி.டி.4 மெல்ல ஏறும், சிலருக்கு ஆண்டுகள் ஆகும். வைரல் லோடு எப்போதாவது ஒரு முறை, வழக்கமான எல்லையான 50-ஐத் தாண்டி 90, 120 என்று காட்டிவிட்டு அடுத்த முறை மறைந்துவிடுவதும் உண்டு. ஒரு தடவை வந்ததை வைத்து எதுவும் முடிவு செய்வதில்லை, திரும்ப எடுத்துப் பார்ப்போம். டோலுடெக்ராவிர் ஆரம்பித்த முதல் மாதத்தில், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று அறியப் பார்க்கும் கிரியாட்டினின் சற்று ஏறலாம். அதைப் பார்த்து "கிட்னி போகிறது" என்று ஒருவர் உயில் எழுதும் அளவுக்குப் போனார். கிரியாட்டினின் சிறுநீரில் வெளியேறும் ஒரு வழியை அந்த மருந்து கொஞ்சம் அடைக்கிறது, சிறுநீரகத்துக்குச் சேதமில்லை. ஆனால் தொடர்ந்து ஏறிக்கொண்டே போனால், அல்லது கூடவே, சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடிய டெனோஃபோவிர் என்ற எச்.ஐ.வி. மருந்தையும் எடுக்கிறார் என்றால், அது வேறு கதை. அதை மருத்துவர்தான் பிரித்துப் பார்க்க வேண்டும்.

நான் மிகவும் கவலைப்படுவது மருந்துகள் ஒன்றோடொன்று மோதுவதைப் பற்றித்தான். பயமுறுத்தும் கட்டுரைகள் இதைப் பற்றிப் பேசுவதே இல்லை. நெஞ்செரிச்சலுக்கு எல்லோரும் குடிக்கும் அலுமினியம், மெக்னீசியம் கலந்த மருந்தை டோலுடெக்ராவிரோடு சேர்த்து எடுத்தால், மாத்திரை உடலில் சேராமலே போகும். மாத்திரையை அதற்கு இரண்டு மணி நேரம் முன்போ ஆறு மணி நேரம் பின்போ எடுக்க வேண்டும். கால்சியம், இரும்புச் சத்து மாத்திரைகளுக்கும் இதே இடைவெளி. சாப்பாட்டோடு எடுப்பதானால் இந்தச் சத்து மாத்திரைகளை மட்டும் சேர்த்தே எடுக்கலாம். சர்க்கரைக்கான மெட்ஃபார்மினின் அளவு இந்த மருந்தோடு உடலில் கூடிவிடும் என்பதால், பொதுவாக நாளுக்கு 1,000 மில்லிகிராமைத் தாண்டவிடுவதில்லை. காசநோய்க்கு ரிஃபாம்பிசின் எடுத்தால் டோலுடெக்ராவிரை ஒரு வேளைக்குப் பதில் இரண்டு வேளையாக்க வேண்டும். ரிட்டோனாவிர் கலந்த எச்.ஐ.வி. மருந்து எடுப்பவர், ஆஸ்துமாவுக்கோ மூக்கடைப்புக்கோ ஃபுளூட்டிகசோன் உறிஞ்சினால், அந்த ஸ்டீராய்டு உடலெங்கும் தேங்கி முகம் வீங்கிப்போகும் அளவுக்குப் போகலாம்.

இதெல்லாம் ஏன் நடக்கிறது? பல்வலிக்கோ சர்க்கரைக்கோ வேறு மருத்துவரிடம் போகும்போது, எச்.ஐ.வி. மாத்திரை எடுப்பதை மறைத்துவிடுகிறார்கள். மறைப்பதற்கான காரணத்தை நான் குறை சொல்லமாட்டேன். முகம் சுளிக்கிற மருத்துவர்களை நானும் பார்த்திருக்கிறேன். ஆனால் அந்த இடைவெளியில்தான் விபத்து நடக்கிறது. சொல்லவே முடியாத சூழலில் ஒரு வழி உண்டு. புதிய மருந்தின் பெயரை மட்டும் குறித்துக்கொண்டு, முதல் வேளையைப் போடும் முன் தன் எச்.ஐ.வி. சிகிச்சை மையத்திடம் கேட்கலாம். லிவர்பூல் பல்கலைக்கழகம் இதற்கென்றே நடத்தும் எச்.ஐ.வி. மருந்து மோதல் பட்டியலைத்தான் உலகம் முழுக்க மருத்துவர்களும் பார்க்கிறார்கள். யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், காசு கிடையாது. இரண்டு மருந்தின் பெயரைப் போட்டால் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று நிறத்தில் காட்டும்.

இன்னொரு எச்சரிக்கையையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். டெனோஃபோவிர், லாமிவுடின் என்ற எச்.ஐ.வி. மருந்துகள் இரண்டும் மஞ்சள் காமாலை பி (ஹெபடைடிஸ் பி) வைரஸையும் அடக்குபவை. அந்த வைரஸும் உள்ளவர், எச்.ஐ.வி. மாத்திரையைத் தானாக நிறுத்தினாலோ மாற்றினாலோ கல்லீரல் நோய் திடீரெனத் தீவிரமாகலாம். தம்பிக்கு அந்தச் சோதனை எடுத்தார்களா என்று ஒரு வார்த்தை கேட்டு வையுங்கள்.

மூலிகை பற்றிக் கேட்டிருந்தீர்கள். இரண்டு செடிகளைப் பற்றி அளந்து பார்த்த தகவல் உண்டு. மன அழுத்தத்துக்கு எடுக்கும் செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்ற மூலிகை, இண்டினாவிர் என்ற எச்.ஐ.வி. மருந்தின் அளவைப் பாதிக்கும் கீழே தள்ளியது 2000-இல் தெரிந்தது. 2002-இல் பூண்டுச் சாறு மாத்திரை, சாக்வினாவிர் என்ற இன்னோர் எச்.ஐ.வி. மருந்தின் அளவைப் பாதியாகக் குறைத்தது. அந்த இரண்டு மருந்துகளையும் இன்று யாரும் அதிகம் கொடுப்பதில்லை. ஆனால் செயின்ட் ஜான்ஸ் வோர்ட்டை டோலுடெக்ராவிரோடும் சேர்க்கக் கூடாது என்றே மருந்தின் குறிப்பு எச்சரிக்கிறது. சாப்பாட்டில் போடும் பூண்டால் ஒன்றும் ஆகாது, அதற்காகச் சமையலை மாற்ற வேண்டாம். மற்ற பெரும்பாலான மூலிகைகளை எச்.ஐ.வி. மருந்தோடு சேர்த்து யாரும் சோதித்ததே இல்லை. "பக்கவிளைவு இல்லாதது" என்று எழுதியிருந்தால் "யாரும் தேடிப் பார்க்கவில்லை" என்று படித்துக்கொள்ளுங்கள். மாத்திரைக்குப் பதிலாக என்று யாராவது விற்க வந்தால் பேச்சே வேண்டாம். தென்னாப்பிரிக்காவில் ஆட்சியில் இருந்தவர்களே எச்.ஐ.வி. மருந்தைச் சந்தேகித்துத் தாமதித்ததில், 2000-க்கும் 2005-க்கும் இடையில் 3,30,000-க்கு மேற்பட்ட உயிர்கள் போயின என்று ஹார்வர்டு ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள்.

எனக்கே உறுதியில்லாத இடம் ஒன்றைக் கேட்டால் எடையைச் சொல்வேன். புதிய மருந்துகளில் எடை கூடுகிறது, பெண்களுக்கு இன்னும் கூடுகிறது. இதை நாங்கள் தினமும் பார்க்கிறோம், ஆய்வுகளும் சொல்கின்றன. மருந்தே கொழுப்பைச் சேர்க்கிறதா, நோயில் மெலிந்த உடம்பு தேறுகிறதா, பழைய மருந்துகள் எடையை அமுக்கி வைத்திருந்தது விலகியதா என்பதில் நிபுணர்களுக்குள் ஒருமித்த முடிவில்லை. மூன்றும் கொஞ்சம் கொஞ்சம் இருக்கும் என்பது என் ஊகம், ஊகம் மட்டுமே. இதைப் பற்றி யாராவது அடித்துச் சொன்னால் அங்கே கொஞ்சம் நின்று யோசியுங்கள்.

எங்கே படிப்பது? உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல்கள் அடித்தளம், ஆனால் படிக்க வறட்சியானவை. எய்ட்ஸ்மேப் என்ற இணையதளம், ஆய்வுகளைச் சாதாரண ஆங்கிலத்தில், தேதி போட்டு, எந்த ஆய்வு, எத்தனை பேர் என்று சொல்லி எழுதுகிறது. நானே அதில்தான் மாநாட்டுச் செய்திகளைப் படிக்கிறேன். இன்று பலர் கணினி அரட்டைச் செயலிகளிடம் கேட்கிறார்கள். அவை 2010-ஐயும் 2023-ஐயும் ஒரே குரலில் அழகாகப் பேசும், அதுதான் சிக்கல். நோயாளிகளின் குழுக்களையும் ஒதுக்காதீர்கள். 1983-இல் டென்வரில் கூடிய எய்ட்ஸ் உள்ளவர்கள், தங்களைப் பலியானவர்கள் என்று அழைக்க வேண்டாம், சிகிச்சையின் ஆபத்துகளை முழுதாக விளக்கிச் சொல்லுங்கள் என்று கேட்டபோது எங்கள் கையில் ஒரு மருந்துகூட இருக்கவில்லை. மாத்திரை எடுத்தால் முதல் வாரம் எப்படி இருக்கும், பயணத்தில் எப்படி எடுத்துப் போவது போன்றவற்றை அவர்கள் என்னைவிட நன்றாகச் சொல்வார்கள். மருந்தை மாற்று, நிறுத்து என்று அங்கே யாராவது சொன்னால் மட்டும் கேட்க வேண்டாம்.

இப்போது நீங்கள் செய்ய வேண்டியது. கட்டுரைகள் அனுப்புவதைக் கொஞ்ச நாளைக்கு நிறுத்துங்கள். எப்போதெல்லாம், எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறார் என்று அவரிடமே கேளுங்கள். சிலருக்கு எல்லாம் தெரிய வேண்டும். சிலருக்கு அடுத்த மாதம்வரை தெரிந்தால் போதும், அதுவும் சரிதான். அவர் போன் திரையில் உங்கள் செய்தியின் முதல் வரி தானாகத் தெரியுமா என்பதையும் பாருங்கள். எச்.ஐ.வி. என்ற சொல் திரையில் மின்னியதால் வேலை செய்யும் இடத்தில் அம்பலமானவர்களை எனக்குத் தெரியும். அவர் கேட்கும் கேள்விகளை ஒரு தாளில் எழுதி, அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது எடுத்துப் போகச் சொல்லுங்கள். வைரல் லோடு எப்போது எடுப்பீர்கள், எவ்வளவு வந்தது, மாத்திரையின் பெயர் என்ன, ஒரு வேளை மறந்தால் என்ன செய்வது. இந்த நான்கில் தொடங்கட்டும். போன வாரம் அனுப்பிய கட்டுரையைப் பற்றி, "அது மருந்து எடுக்காதவர்களைப் பற்றியது, நான் கவனிக்காமல் அனுப்பிவிட்டேன்" என்று நேராகச் சொல்லிவிடுங்கள்.

குழந்தைக்கு வருகிறேன். தூக்கலாம். கொஞ்சலாம், முத்தம் கொடுக்கலாம், ஒரே தட்டில் ஊட்டலாம், மடியில் தூங்க வைக்கலாம். எச்சில், வியர்வை, கண்ணீர், தொடுதல் எதிலும் எச்.ஐ.வி. பரவாது. வைரல் லோடு குறையும்வரை காத்திருக்கவும் தேவையில்லை, மாத்திரை ஆரம்பிக்காத முதல் நாளிலேயே இது உண்மை. நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக மாறாத தகவல் இது, தேதி பார்க்காமல் அனுப்பலாம். அடுத்த முறை அவர் வரும்போது ஒன்றும் விளக்காமல் குழந்தையை அவர் கையில் கொடுத்துவிட்டு உங்கள் வேலையைப் பாருங்கள்.